கல்யாணம் எடுப்பதில்லை

கல்யாணத்துக்குப் படம் எடுக்க வரமாட்டேன் என்று சொல்கிற போட்டோகிராபர் கோத்தகிரி வட்டாரத்தில் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். கூப்பிடுகிறவர்கள் முதலில் நம்ப மாட்டார்கள். ரேட்டை ஏற்றத்தான் பிகு பண்ணுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, "சரி பாப்பா, எவ்வளவுன்னு சொல்லு, பாத்துக்கலாம்" என்பார்கள். ரேட்டு இல்லை, செமஸ்டர் என்று சொன்னால், "கல்யாணம் ஞாயித்துக்கிழமைதானே, அன்னைக்கு உனக்கு என்ன பரீட்சை?" என்று அடுத்த கேள்வி வரும். நியாயமான கேள்விதான். பதில்தான் கொஞ்சம் நீளம்.

நான் ஊட்டியில் பி.காம். கடைசி வருடம் படிக்கிறேன். வீடு கோத்தகிரிக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து லைனில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். கட்டபெட்டு வழியாகக் காலேஜுக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், மூடுபனி இறங்கிவிட்டால் டிரைவர் மனது வைக்கிற நேரம். முதல் வருடத்திலேயே பழைய கேமரா ஒன்றை வாங்கி இந்தப் பிழைப்பை ஆரம்பித்துவிட்டேன். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வந்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அது பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் என்று அம்மா நினைத்திருந்தார். முதல் மெமரி கார்டும் இரண்டாவது பேட்டரியும் அதில்தான் வந்தன.

கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். எல்லோரும் படம் எடுக்க ஆகும் நேரத்தை மட்டும்தான் கணக்குப் போடுகிறார்கள். முந்தின நாள் சாயங்காலம் வரவேற்பு, மறுநாள் விடிகாலையில் முகூர்த்தம், மத்தியானம் பந்தி முடிந்தால் பையைக் கட்டிவிடலாம். அந்த இரண்டு நாளும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வினையே அதற்கப்புறம்தான். ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து ஆடாததை, கண் மூடாததைப் பிரித்தெடுக்க வேண்டும். பிரித்ததை வீட்டுக்காரர்களிடம் கொடுத்தால், ஆல்பத்துக்கு எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்க அவர்களுக்கு ஒரு மாதம். பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் ஒரே பட்டியலைத் தருவதில்லை. அப்புறம் பன்னிரண்டுக்கு முப்பத்தாறு இன்ச் ஷீட்டில் ஒவ்வொரு பக்கமாக டிசைன், அதை வாட்ஸப்பில் அனுப்பியதும் "பெரிய சித்தப்பா எங்கேயும் வரலையே" என்று ஒரு போன். திருத்தி அனுப்பினால் சின்ன சித்தப்பா. கோவை லேபில் பிரிண்டாகி ஆல்பம் மலை ஏறி வருவதற்குள் பொண்ணு ஏழாம் மாதம் வளைகாப்புக்குத் தயாராகிவிடும். அந்த ஆல்பம் கைக்குப் போகிற வரை பாக்கிப் பணம் வராது, போன் மட்டும் வரும்.

இப்போது பஞ்சாங்கத்தையும் காலேஜ் காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தை பிறந்தால் கல்யாணம். தையில் எடுத்த கல்யாணத்தின் ஆல்பம் வேலை மாசி, பங்குனியைத் தின்றுவிட்டு ஏப்ரல் செமஸ்டரில் வந்து முட்டும். ஆவணி முகூர்த்தம் அதேபோல நவம்பர் தேர்வில் முட்டும். ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தமோ தேர்வு நாளிலேயே விழும். முகூர்த்தமே இல்லாத மார்கழி இருக்கிறதே, அதுதான் செமஸ்டர் லீவு! ஆடியில் புது செமஸ்டர் ஆரம்பித்து வாத்தியார்கள் முதல் யூனிட்டைத் தொட்டிருப்பார்கள், கை நிறைய நேரம் இருக்கும், அப்போதும் ஊரில் ஒரு கல்யாணம் நடக்காது. கிறிஸ்தவ வீடுகளுக்கு ஆடி, மார்கழி கிடையாது, ஆனால் தவக்காலம் உண்டு. ஈஸ்டர் முடிந்த கையோடு வரிசையாக வைப்பார்கள். ஈஸ்டர் முடிந்தால் எங்களுக்கு ஹால் டிக்கெட்.

வருகைப்பதிவு 75 சதவீதம் இல்லாவிட்டால் தேர்வு எழுதுவதே சிக்கல் என்பதை வேறு சேர்த்துக்கொள்ளுங்கள். லீவு போட்டுச் சமாளிக்கலாம் என்ற பேச்சுக்கு அங்கே முற்றுப்புள்ளி.

ஆனால் கல்யாண மண்டபத்துக்கே போகாமல் இருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கல்யாணத்தை ஒப்பந்தம் பேசி எடுப்பதில்லை, அவ்வளவுதான். முகூர்த்த நாளில் இந்த மலையில் கேமரா பிடிக்கத் தெரிந்த ஆளுக்குப் பஞ்சம். ஒரே நாளில் குன்னூரில் ஒன்று, அருவங்காட்டில் ஒன்று, கேத்தியில் ஒன்று என்று ஒரே ஸ்டூடியோவுக்கு மூன்று இருக்கும். அப்போது இரண்டாவது கேமராவாக என்னைக் கூப்பிடுவார்கள். பொண்ணு ரெடியாகிற அறை, பெண்கள் பக்கத்துச் சடங்கு, சமையற்கட்டு, ஓடுகிற குழந்தைகள் எல்லாம் என் பொறுப்பு. மேடை அவர்கள் பொறுப்பு. சாப்பாட்டுக்கு அப்புறம் லேப்டாப்பில் கார்டைக் காப்பி பண்ணிக் கொடுத்தால் கணக்கு முடிந்தது. நாள் கூலி 3,000 ரூபாய் கையில். பெரிய சித்தப்பா ஆல்பத்தில் வரவில்லை என்றால் அது என் போனுக்கு வராது.

இந்த ஏற்பாட்டைச் சொல்லிக் கொடுத்தது ஸ்டூடியோ அண்ணன். நான் பிளஸ் டூ முடித்த வருடம் அவர் கடையில் பாஸ்போர்ட் படம் வெட்டிக் கொடுக்கிற வேலைக்குப் போனேன். ஆள் பேசுவது குறைவு. "எடுக்குறதுக்கு ஒரு நாள், குடுக்குறதுக்கு மூணு மாசம். உங்கிட்ட மூணு மாசம் இல்ல, நாளை மட்டும் வித்துக்கோ" என்றார் ஒருநாள், கட்டரில் இருந்து தலையைத் தூக்காமலே. தொழில் முனைவோர் என்று எங்களுக்கு ஒரு பேப்பர் இருக்கிறது. அதில் இவ்வளவு தெளிவாக ஒரு வரி நான் இன்னும் படிக்கவில்லை.

அவர் கடை அலமாரியில் இன்னும் ஒரு காலி டப்பா இருக்கிறது. 'இந்து' என்று எழுதியிருக்கும். எங்கள் வயதுக்காரர்களுக்கு இந்துநகர் என்றால் ஊட்டியிலிருந்து தலைக்குந்தா போகிற வழியில் ஒரு ஸ்டாப். டப்பாவிலும் ஊரிலும் இருக்கிற அந்தப் பெயர் அங்கிருந்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலையால் வந்தது. 1960-ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம், 1967-ல் உற்பத்தி ஆரம்பித்தது. கறுப்பு வெள்ளை ஃபிலிம், பிரிண்ட் பேப்பர், ஆஸ்பத்திரிக்கான எக்ஸ்ரே ஃபிலிம், சினிமா ஃபிலிம் எல்லாம் இந்த மலையில் செய்து நாடு முழுக்கப் போயிருக்கிறது. தூசி இல்லாத குளிர்ந்த ஊர் என்பதால் இங்கே வைத்தார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நலிந்து மூடிப்போய் இப்போது அந்தக் கட்டடங்கள் மட்டும் நிற்கின்றன. அண்ணன் வீட்டில் ஒரு தலைமுறைக்கே அங்கே வேலை. அதனால் போட்டோ தொழில் எவ்வளவு பெரிதானாலும் ஒருநாள் இருக்காது என்பது அவருக்குப் புதிதில்லை. டிஜிட்டல் வந்தபோது அலட்டிக்கொள்ளவில்லை, செல்போன் கேமரா வந்தபோதும் அலட்டிக்கொள்ளவில்லை. பாஸ்போர்ட் படமும் லேமினேஷனும் ஜெராக்ஸும் வைத்துக் கடையை ஓட்டிவிட்டார்.

சரி, கல்யாணம் எடுக்காமல் வேறு எதை எடுக்கிறேன்? பெரும்பாலும் சடங்கு. பெரியவளான பிள்ளைக்கு மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு, காதுகுத்து, முதல் பிறந்தநாள். இவை எல்லாம் அரை நாளில் முடிகிற விசேஷங்கள். வீட்டிலோ லைன் முன்னால் போட்ட பந்தலிலோ நடக்கும். ஐம்பது அறுபது நல்ல படம் போதும், சின்ன ஆல்பம், அல்லது பென் டிரைவ். ஞாயிறு எடுத்தால் வியாழனுக்குள் கொடுத்துவிடுவேன். இந்த வேகம்தான் என் விளம்பரம். "அந்தப் பொண்ணு சொன்ன நாள்ல குடுத்துடும்" என்ற பேச்சு ஒரு லைனிலிருந்து அடுத்த லைனுக்குத் தானாகப் போகும். படம் எப்படி இருந்தது என்று யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை, எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

சடங்கு வீட்டில் பெண் போட்டோகிராபருக்கு ஒரு மரியாதை உண்டு. பன்னிரண்டு பதின்மூன்று வயசுப் பிள்ளை, பழக்கமில்லாத பட்டுப்புடவை, தலையில் ராக்கொடி, சுற்றி ஊரே நிற்கிறது. அதற்குக் கூச்சத்தில் அழுகை முட்டிக்கொண்டு நிற்கும். அங்கே ஒரு ஆள் வந்து "இப்படித் திரும்பு, கன்னத்துல கை வை, சிரி" என்று சொன்னால் அந்தப் பிள்ளை எப்படி நிற்கும்? அந்த மாதிரி ஆல்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரே போஸ், ஒரே கலவரமான கண். நான் அந்தப் பிள்ளையோடு அறையில் உட்கார்ந்து எட்டாம் வகுப்புக் கணக்கு டீச்சர் யார் என்று கேட்டுக்கொண்டிருப்பேன். அத்தைமார் நலங்கு வைக்கிறபோது மஞ்சள் தண்ணி காதுக்குள் போய்விட்டது என்று அது சிரிக்குமே, அந்தப் படத்தைத்தான் அம்மாக்கள் பெரிதாகப் பிரிண்ட் போட்டு மாட்டுகிறார்கள். தாய்மாமன் குடிசை கட்டுவதற்குத் தென்னை ஓலை மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறி வந்திருக்கும். அந்த ஓலையோடு மாமன் நிற்கிற படம் ஒன்று கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் மாமன் கோபித்துக்கொள்வார்.

இந்தப் பிள்ளைகளின் படம் எதையும் நான் இன்ஸ்டாகிராமில் போடுவதில்லை. பெற்றோரே போடச் சொன்னாலும் மாட்டேன். ஊர் முழுக்க ஃப்ளெக்ஸ் வைப்பவர்கள் வைத்துக்கொள்ளட்டும், அது அவர்கள் பாடு. இதனால் என் இன்ஸ்டா பக்கத்தில் சீர்த்தட்டும் வளையல் அடுக்கிய கையும் தேயிலைச் செடியும்தான் இருக்கும். "என்னக்கா, நீங்க மனுஷங்களையே எடுக்க மாட்டீங்களா?" என்று காலேஜில் ஒரு ஜூனியர் கேட்டாள்.

லைன் வீட்டுக்குள் படம் எடுப்பது தனிக் கலை. முன் அறை பத்துக்குப் பத்து இருந்தால் அதிகம். அதில் கட்டில், பீரோ, டிவி, சாமி மாடம், இருபது சொந்தக்காரர்கள். எல்லோரும் மெச்சுகிற 50 எம்.எம். லென்ஸை அங்கே மாட்டினால், என் மாதிரி சின்ன சென்சார் கேமராவில் அது 80 எம்.எம். போல நடந்துகொள்ளும். சுவரோடு சுவராக ஒட்டி நின்றாலும் பிள்ளையின் முகமும் மாலையும் மட்டும்தான் வரும். கேமராவோடு இலவசமாக வருகிற 18–55 ஜூம் லென்ஸ்தான் அங்கே உதவும். அது வெளிச்சம் குறைவாக வாங்கும், ஃப்ளாஷ் வேண்டும். ஃப்ளாஷை நேராக அடித்தால் முகம் எண்ணெய் வழியும், நகை மட்டும் மின்னும். மேலே அடித்துத் திருப்பலாம் என்றால் கூரையில் ஓடுகளும் புகை பிடித்த மரமும்தான். பக்கச் சுவரில் அடித்தால் வந்தது வம்பு. எங்கள் லைனில் சுவருக்குப் பச்சை பெயிண்ட், விட்டால் ரோஸ். பச்சைச் சுவரில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் மஞ்சள் பூசிய முகத்தில் விழுந்தால் பிள்ளைக்குக் காமாலை வந்ததுபோல் இருக்கும். கம்ப்யூட்டரில் சரிசெய்யலாம், ஆனால் ஒரு படத்துக்கு ஐந்து நிமிஷம் என்றால் வியாழக்கிழமை போச்சு. நான் கண்டுபிடித்த வழி, வெள்ளை வேட்டி. எந்த வீட்டிலும் புது வேட்டி ஒன்று சீரோடு வந்திருக்கும். அதை இரண்டு தம்பிகள் சுவருக்கு முன்னால் விரித்துப் பிடித்தால் போதும், ஃப்ளாஷை அதில் அடிக்கலாம். ஜன்னல் வெளிச்சம் போல மெத்தென்று விழும். வேட்டி பிடிக்கிற தம்பிகளுக்கும் ஒரு பெருமை, தனியாக ஒரு படம் கேட்பார்கள்.

விசேஷம் இல்லாத மாதங்களில் சோறு போடுவது ஹோம்ஸ்டே படமும் பேக்கரிப் பலகாரப் படமும். குன்னூர், கோத்தகிரியில் இரண்டு அறையை வாடகைக்கு விடுகிறவர்களுக்கெல்லாம் இணையத்தில் போட நல்ல படம் வேண்டும். சீசனுக்கு முன்னால், மார்ச்சிலேயே வேண்டும். மே மாதம் ஊட்டியில் மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி என்று கூட்டம் ஏறிய பிறகு அறை காலியாக இருக்காது. வார நாளில்தான் அறை காலி, எனக்கு மத்தியானத்தோடு வகுப்பு முடிந்துவிடும், பொருத்தம் நன்றாகவே அமைந்தது. கஷ்டம் ஜன்னல்தான். உள்ளே இருட்டு, வெளியே பள்ளத்தாக்கு. அறைக்கு வெளிச்சம் வைத்தால் பள்ளத்தாக்கு வெள்ளையாகிவிடும், பள்ளத்தாக்குக்கு வைத்தால் அறை குகையாகிவிடும். ஸ்டாண்டில் வைத்து மூன்று விதமாக எடுத்து ஒன்று சேர்க்க வேண்டும். மூன்று மணிக்கு மேல் மூடுபனி ஏறினால் சேர்ப்பதற்குப் பள்ளத்தாக்கே இருக்காது. வைட் லென்ஸ் போட்டுப் பத்தடி அறையை இருபதடியாகக் காட்டச் சொல்கிறவர்களும் உண்டு. அதைச் செய்வதில்லை. வந்து தங்கியவர்கள் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனால் அடுத்த சீசனுக்கு என்னை யார் கூப்பிடுவார்கள்?

பலகாரத்தில் எனக்குப் பிடித்தது வர்க்கி, அடுக்கடுக்காக மொறுமொறுவென்று இருக்கும் ஊட்டி பிஸ்கட். சாதாரணமாக மேலிருந்து எடுத்தால் ஒரு பழுப்புக் கட்டி, அவ்வளவுதான். அதன் அழகு முழுக்க அடுக்கில் இருக்கிறது. ஒன்றைக் கையால் பிளந்து, பிளந்த பக்கம் கேமராவுக்கு வருகிற மாதிரி ஜன்னலோரம் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் மட்டும் விழும்படி எதிர்ப்பக்கத்தைக் கறுப்புத் துணியால் மறைத்தால் ஒவ்வொரு அடுக்கும் தனித்தனியாக நிழல் போடும். உதிர்ந்த துகளைத் துடைக்கவே கூடாது, பேக்கரிக்காரர் துடைக்க வருவார், தடுக்க வேண்டும். ஹோம்மேட் சாக்லேட் இதற்கு நேர்மாறு. குளிர்ந்த அலமாரியிலிருந்து சமையலறைச் சூட்டுக்குக் கொண்டுவந்தால் மேலெல்லாம் வியர்த்து, பளபளப்பு போய், ஊறின மாதிரி ஆகிவிடும். மூடிய டப்பாவோடு அறைச் சூட்டுக்கு வரவிட்டு அப்புறம்தான் திறக்க வேண்டும்.

லென்ஸுக்கும் அதே வைத்தியம்தான். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுகிற காலையில் பஸ்ஸில் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய், நூறு பேர் மூச்சு விடுகிற மண்டபத்துக்குள் நுழைந்து பையைத் திறந்தால் லென்ஸ் கண்ணாடி ஒரு நொடியில் பூத்துவிடும். துடைக்கத் துடைக்கப் பூக்கும். அரை மணி நேரம் முன்னாலேயே போய், பையின் ஜிப்பைத் திறக்காமல் உள்ளே வைத்துவிட வேண்டும். அதுகூடப் பரவாயில்லை, பெரிய எதிரி பூஞ்சை. ஃபிலிம் செய்ய நல்ல ஊரென்று தேர்ந்தெடுத்த மலை, லென்ஸ் வைக்கக் கெட்ட ஊர். ஜூனிலிருந்து பல வாரம் துணியே காயாது. இருட்டான பைக்குள் ஈரத்தோடு கிடக்கிற லென்ஸின் உள் கண்ணாடியில் சிலந்தி வலை போல வெள்ளையாகக் கிளை விடும், அப்புறம் கழற்றிச் சுத்தம் செய்ய கோவைக்கு அனுப்ப வேண்டும். காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டுகிற ஒரு சின்ன மீட்டர். 40-க்கும் 50-க்கும் நடுவே நின்றால் நிம்மதி. ஈரம் குடித்த ஜெல் நீலத்திலிருந்து ரோஸ் ஆகும். பழைய வாணலியில் வறுத்தால் மறுபடி நீலமாகும். அந்த வாணலியில் சமைப்பதில்லை, அதற்கென்றே ஒதுக்கியது. அம்மாவுக்கு இது இன்னும் ஜீரணமாகவில்லை. "ஊரே கறி வறுக்கும், எம் மவ கண்ணாடி வறுக்குறா" என்று கொழுந்து எடுக்கிற இடத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

படிக்கிற படிப்பு இந்தத் தொழிலுக்கு உதவுகிறதா என்று கேட்பார்கள். தேய்மானம் என்ற பாடம் உதவியது. வருமான வரிக் கணக்கில் பொதுவான இயந்திரங்களுக்கு வருடம் 15 சதவீதம், கம்ப்யூட்டருக்கு 40 சதவீதம் தேய்மானம். வகுப்பில் இது வெறும் மார்க். வீட்டுக்கு வந்து என் பழைய லேப்டாப்பைத் திறந்து, ஒரு படம் திறக்க அது எடுத்துக்கொள்கிற நேரத்தைப் பார்த்தபோது 40 நியாயம்தான் என்று பட்டது. கேமராவுக்கு 15 போதாது. கோத்தகிரி ஈரத்துக்கு வருமான வரிச் சட்டம் தனி விகிதம் வைக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு விசேஷத்துப் பணத்திலும் கொஞ்சம் எடுத்து 'தேய்மானம்' என்று எழுதிய கவரில் போடுகிறேன். கேமரா, லேப்டாப் விலையை அவை உழைக்கப்போகிற வருஷங்களால் வகுத்தால், காதுகுத்துக்கு நான் முதலில் வாங்கிக்கொண்டிருந்த தொகை எவ்வளவு குறைச்சல் என்று தெரிந்துவிடும். ரேட்டை ஏற்றியபோது யாரும் சண்டை போடவில்லை. ஜி.எஸ்.டி. பற்றியும் படித்தோம். சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு செய்ய வேண்டும். அந்தக் கவலையில் எனக்குத் தூக்கம் கெடவில்லை.

வெளியூர் ஜோடிகளின் கல்யாணத்துக்கு முந்தைய அவுட்டோர் படம் பற்றித்தான் நிறையப் பேர் கேட்பார்கள், ஊட்டி என்றாலே அதுதானே ஞாபகம் வரும். பணம் அதில்தான் அதிகம். ஆனாலும் எப்போதாவதுதான் ஒத்துக்கொள்கிறேன். காரணம் மழை. இந்த மாவட்டத்துக்கு மழை இரண்டு. ஜூன் முதல் கூடலூர், பைக்காரா, அவலாஞ்சிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அதே நாட்களில் கோத்தகிரியில் சாரலோடு போய்விடும். எங்களுக்கு அடி விழுவது அக்டோபர், நவம்பரில், வடகிழக்கில். 2009 நவம்பர் மண்சரிவை எங்கள் லைனில் இன்னும் பேசுவார்கள். சமவெளியில் இருப்பவர்களுக்கு இது புரிவதில்லை. ஜூலையில் பைக்காராவில் வெயில் வேண்டும் என்பார்கள். இணையத்தில் பார்த்த பைன் மரக் காட்டைக் காட்டி, யாரும் இல்லாமல் வேண்டும் என்பார்கள். காப்புக் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் ஸ்டாண்டோடு போனால் வனத்துறை அபராதம் போடும் என்றால் "நாம சும்மா உள்ள போய்ட்டு வந்துடலாம்" என்று பதில் வரும். ட்ரோன் வேண்டும் என்பவர்களிடம் வெலிங்டன் ராணுவப் பகுதியும் அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையும் எங்கே இருக்கின்றன என்று வரைபடத்தில் காட்டிவிட்டு விட்டுவிடுவேன். போதாததற்கு 2024 மே முதல் மலை ஏற இ-பாஸ் வேறு. அதை எடுக்காமல் வந்து செக்போஸ்ட்டிலிருந்து எனக்குப் போன் பண்ணுவார்கள்.

மூடுபனியில் நன்றாக எடுக்கலாம், அது வேறு விஷயம். உள்ளூர்க்காரர்களுக்கு அது தெரியும். டிசம்பர் கடைசி, ஜனவரியில் ஹெத்தையம்மன் பண்டிகை நடக்கிறபோது படுகர் மக்கள் வெள்ளை உடுத்திச் சாரிசாரியாகப் போவார்கள். வெள்ளை உடை, பின்னால் வெள்ளைப் பனி. கேமரா தானாக அளந்தால் எல்லாவற்றையும் சாம்பலாக்கிவிடும். வெளிச்சத்தை ஒரு படி ஏற்றி வைத்தால்தான் வெள்ளை வெள்ளையாக வரும். காலேஜில் உடன் படிக்கிற தோழியின் ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், ஒரு முறை அவள் பாட்டியை அப்படி எடுத்தேன். பணம் வாங்கவில்லை. எங்கள் வீட்டுச் சுவரில் நான் எடுத்த படம் என்று மாட்டியிருப்பது அது ஒன்றுதான். அடுத்தவர் பாட்டியை ஏன் மாட்டியிருக்கிறாய் என்று என் பாட்டிக்குக் குறை.

என் பாட்டியின் படம் ஒன்று பெட்டியில் இருக்கிறது. கண்டியில் எடுத்தது. 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். அதன்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் அரசு இங்கே தேயிலை போட ஆரம்பித்தது, அதுதான் பின்னால் டேன்டீ என்கிற தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. தாயகம் திரும்பியவர்கள் என்று காகிதத்தில் எங்களுக்குப் பெயர். பாட்டிக்கு அதுவரை படம் எடுத்ததே கிடையாது. பாஸ்போர்ட்டுக்காக எடுத்ததுதான் முதல். நிமிர்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, யாரோ கொடுத்த ரவிக்கையில் உட்கார்ந்திருக்கிறார். அதற்கப்புறமும் பல வருஷம் எங்கள் வீட்டில் காகிதத்துக்காக மட்டும்தான் படம். ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், பி.எஃப்.

அதனாலோ என்னவோ, லைனில் பாஸ்போர்ட் படம் எடுப்பதை நான் விடவில்லை. லாபம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஜூனில் பள்ளி, காலேஜ் அட்மிஷன் சமயத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு லைனுக்குப் போவேன். வாசலில் வெள்ளைத் துணி, அதற்கு முன்னால் ஸ்டூல், நிழல் இருக்கிற பக்கம். கோத்தகிரிக்கு பஸ் ஏறி, அரை நாள் கூலியை விட்டு ஸ்டூடியோ போக வேண்டியதில்லை என்பதால் வரிசையாக வருவார்கள். ஸ்டூடியோ அண்ணன் கடையில்தான் பிரிண்ட், அதனால் அவருக்கும் வருத்தமில்லை. கொழுந்துக் கூடையோடு வந்து, கூடையை இறக்கி வைத்துவிட்டு, தலையைக் கோதிவிட்டு உட்காருவார்கள் அக்காமார். இரண்டு படம் எடுப்பேன். ஒன்று நேராக, காகிதத்துக்கு. இன்னொன்று, "ஆச்சுக்கா, எந்திரிங்க" என்று சொன்னதும் எழுந்துகொண்டே சிரிக்கிறபோது. இரண்டாவதுக்குக் காசு கேட்பதில்லை. பிரிண்ட் போடும்போது ஷீட்டின் ஓரத்தில் இடம் மிச்சமிருந்தால் அதையும் சேர்த்துவிடுவேன்.

படிப்பு முடிந்ததும் முழு நேரமாக இறங்கிவிடுவாயா என்று ஸ்டூடியோ அண்ணன் கேட்டார். எம்.காம். சேரலாம் என்றிருக்கிறேன், கேமரா இப்படியே அரை நாள் வேலையாக ஓடட்டும். ஆதாரும் பான் கார்டும் இருந்தால் சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசமாகவே போட்டுக்கொள்ளலாம், அதை மட்டும் ரிசல்ட் வருவதற்குள் முடித்துவிட வேண்டும், நாளைக்கு லோன் என்று வங்கிக்குப் போனால் காட்ட ஒரு காகிதம் ஆகும். ஏப்ரல் தேர்வு முடிந்து வைகாசியில் கை காலியாக இருக்கும். அம்மாவோடு கொழுந்து எடுக்கிற ஒரு அக்கா வீட்டில் மகளுக்கு அப்போது கல்யாணம், என்னைத்தான் எடுக்கச் சொல்கிறார். இரண்டு நாளும் வருகிறேன், அன்றைக்கே கார்டைக் கொடுத்துவிடுகிறேன், ஆல்பத்தை மட்டும் கோவையில் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார், இன்னும் பதில் வரவில்லை.